இண்டிகேட்டர் எரிகிற வரைக்கும்

சுவிட்சை வலது பக்கம் தள்ளுகிறேன், ஒன்றுமில்லை. இடது பக்கம் தள்ளுகிறேன், அங்கேயும் ஒன்றுமில்லை. டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அதுவும் இல்லை. அப்படியே செத்துக் கிட என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லவில்லை. கீழே என் மச்சான் நல்லசிவம் நிற்கிறான். என் வீட்டுக்காரி தவமணியின் அண்ணன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், சூடம், சாவி வைக்க ஒரு வெற்றிலை. "ஆச்சுங்களா?" என்கிறான். ஆச்சுங்களா மாப்ள என்று கேட்கவில்லை, வெறும் ஆச்சுங்களா. காலையிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறான், நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். "பாக்கறேன்" என்கிறேன். "ராகு காலத்துக்கு முன்னாடி ஆவோணுமுங்க. அவரு டீ குடிச்சுட்டு வந்துருவாரு." அவர் என்றால் வண்டி வாங்க வந்திருக்கும் கலியமூர்த்தி, அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லோடு அடிக்கிறவர். விலை முடிந்துவிட்டது, சாவி மட்டும்தான் பாக்கி. எங்கள் சங்ககிரி லாரிப் பேட்டையில் சாவி வாங்குகிறவன் முதலில் சீட்டில் உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, வலது இண்டிகேட்டரைப் போட்டு, வலது பக்கமாகத்தான் வண்டியைத் திருப்பி வெளியே எடுப்பான். எஞ்சினையே இறக்க வேண்டிய வண்டியைக்கூட வாங்கிக்கொண்டு போவார்கள், வலது எரியாத வண்டியை எவனும் தொட மாட்டான். ஆக, இது எரிகிற வரைக்கும் வண்டி விற்கவில்லை. அதுவரைக்கும்தான் எனக்கு நேரம். காலையில் சோற்றுப் போசியைக் கையில் கொடுக்கும்போது தவமணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னைக்காச்சும் வாயத் தொறந்து கேளுங்க. பாதி நம்முளுதா இல்லியான்னு ஒரே வார்த்த. சாவி கைமாறுனதுக்கப்புறம் கேட்டீங்கன்னா பிச்ச கேக்கற மாதிரிதான் இருக்கும்." கேட்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததை மறைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை, அதுதான் எரிச்சல்.

கிளட்ச் மிதிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைக்கிறேன். முதுகுக்குக் கீழே தகரம் சுடுகிறது. முகத்தின் மேல் ஒயர்கள் தொங்குகின்றன, எல்லாம் ஒரே அழுக்கு நிறம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது ஹாரன் எது வைப்பர் என்று எனக்குத் தெரியும், முக்கால்வாசி நான் இழுத்த ஒயர்தானே. ஃப்யூஸை உருவிப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது. துணியில் துடைத்துத் திரும்பச் செருகுகிறேன். பாதி உங்களுடையது என்று நான் கேட்டு வாங்கவில்லை, அவனேதான் சொன்னான், வண்டி எடுத்த அன்றைக்கு, என் மாமியார், என் அம்மா, தவமணி எல்லாரும் இருக்கும்போது. "பேரு எம்பேருல இருக்கட்டும் மாப்ள. காடு எனக்குத்தான் இருக்குது, காடு இருக்கறவனுக்குத்தான் பைனான்ஸ்காரன் குடுப்பான். மத்தபடி பாதி உங்குளுது." என் பழைய வேனும் தவமணியின் கழுத்துக் கொடியும் போய்த்தான் இந்த வண்டி வாசலுக்கு வந்தது. எழுதிக்கலாமே என்று என் அம்மா மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான், மாமியார் முகம் சுண்டிப்போய்விட்டது. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் காகிதமா, ஊர் சிரிக்காதா? எங்கள் பக்கத்தில் பங்காளியோடு எழுதிக்கொள்ளலாம், கூட்டாளியோடு எழுதிக்கொள்ளலாம், பெண் எடுத்த வீட்டில் எழுதிக் கேட்டால் அது அந்தப் பெண்ணை நம்பாதது மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் பெரிய மனுஷனாட்டம் சிரித்தேன், தவமணி மட்டும் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. தோளில் துடைத்தால் தோளெல்லாம் கிரீஸ்.

ஒயர் கட்டிய சின்ன பல்பை எடுத்து, இண்டிகேட்டரை மின்ன வைக்கிற பிளாஷருக்கு லைன் வருகிற காலில் வைக்கிறேன், எரிகிறது. கரண்ட் வருகிறது. பிளாஷரைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்க்கிறேன், கட்டைவிரல் பருமனில் ஒரு அலுமினிய டப்பா, இதற்குள் ஒரு சின்னத் தகடு சூடாகி விலகி, ஆறி ஒட்டி, விலகி, ஒட்டி, அவ்வளவுதான் இதன் பிழைப்பு, அதற்கே இப்படிக் கருகிக் கிடக்கிறது. மூக்கில் வைத்தால் தீய்ந்த வாசம். அது இருந்த இடத்தில் இரண்டு காலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பிடிக்கிறேன், இன்னொரு கையால் மேலே சுவிட்சை வலது பக்கம் தள்ளுகிறேன். "எரியுதுங்க" என்று வெளியே நல்லசிவம் சத்தம் போடுகிறான், "எரியுது, ஆனா மின்ன மாட்டீங்குது." மின்னாதுடா, மின்ன வைக்கிறவன் செத்துப்போய்விட்டான். பல்பு நன்றாக இருக்கிறது, லைன் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறது, பிளாஷர் மட்டும்தான் போயிருக்கிறது. இது எனக்கு நேற்று சாயங்காலமே தெரியும். புது பிளாஷர் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, காலையில் கடை திறந்ததும் வாங்கிப் போட்டுக்கொண்டது. கலியமூர்த்தி டீயை ஆற்றுவதற்குள் மாட்டி முடித்துவிடலாம். அப்படி முடித்துவிட்டால் நான் எப்போது கேட்பது? அதனால் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன். "இன்னும் என்னங்க?" என்கிறான். "எர்த்து சரியில்ல போலத் தெரியுது." எர்த்துக்கு ஒரு கேடும் இல்லை. பின்பக்கம் போய், இண்டிகேட்டர் கண்ணாடியைக் கழற்றி, பல்பை எடுத்து, பளபளவென்று இருக்கிற தகரத்தை உப்புத்தாளால் தேய்க்கிறேன்.

தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். மச்சான், ஒரு வார்த்த பேசோணும். இல்லை, பேசோணும் என்றால் பேசலாம் மாப்ள, அப்புறம் பேசலாம் என்பான். மச்சான், இந்தப் பாதி விசயம். இந்தப் பாதி விசயமா, எந்தப் பாதி விசயம்? அங்கேதான் சிக்கிக்கொள்கிறது, எப்படி ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து சிக்குகிறது. இல்லை என்று அவன் சொல்லிவிடுவான் என்ற பயம் எனக்கு இல்லை. இல்லை என்று சொன்னால் சண்டை போடலாம், நாலு பேரைக் கூட்டலாம், மாமியாரைக் கேட்கலாம் என்றால் அவளும் போய்விட்டாள், என் அம்மாவும் போய்விட்டாள், சரி, தவமணி இருக்கிறாள், அவள் அண்ணன் முகத்துக்கு நேரே கேட்பாள். நான் பயப்படுவது வேறு. அவன் நிஜமாகவே மறந்துபோயிருந்தால்? நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எந்தப் பாதிங்க மாப்ள என்று கேட்டுவிட்டால்? இத்தனை வருஷமாக நான் பாதி முதலாளி என்று நினைத்துக்கொண்டு ஓட்டியது என் தலைக்குள் மட்டும் நடந்த ஒன்று என்று ஆகிவிட்டால்? நாக்பூர் தாண்டி ஆக்சில் உடைந்து ரோட்டோரத்தில் கிடந்தபோது போன் போட்டேன், நம்ம வண்டி மாப்ள, நீங்க பாத்து முடிச்சுக் கொண்டாங்க என்றான். அந்த நம்ம என்ற சொல்லை நம்பி லாரிக்கு அடியில் மழையில் படுத்துக் கிடந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், டயர் வெடித்தால் நம்ம வண்டி, பெயிண்ட் அடித்தால் என் வண்டி. வண்டியின் நெற்றியில் தன் மகள் பேரை எழுத வைத்தான், என்னைக் கேட்கவில்லை. எழுதியபிறகு, எப்படி இருக்குதுங்க மாப்ள என்று கேட்டான். நல்லா இருக்குது என்றேன். நல்லாத்தான் இருந்தது, எழுதிய பெயிண்டர் கைக்காரன். தீபாவளிக்கு வேட்டி சட்டை தவறியதில்லை. கெடாவெட்டில் என்னைக் கேட்காமல் கத்தியை எடுத்ததில்லை. ஊரே பார்த்துப் பொறாமைப்படுகிற மரியாதை. இப்படி ஒருத்தனிடம் போய் எந்த வாயால் கேட்பது என்று நினைக்க வைக்கத்தான் அந்த மரியாதையோ என்னவோ, தெரியவில்லை, அவ்வளவு யோசிக்கிறவனும் இல்லை அவன், அதுதான் இன்னும் மோசம்.

பல்பைத் திரும்ப மாட்டிக் கண்ணாடியை முடுக்குகிறேன், முன்பக்கமும் ஒரு தடவை கழற்றி மாட்டுகிறேன், இதற்கு மேல் தேய்க்கத் தகரம் இல்லை. மறுபடியும் உள்ளே போய்ப் படுக்கிறேன். பிளாஷர் ஏன் கருகியது என்பதும் எனக்குத் தெரியும். மேலே முன்கண்ணாடிக்கு நடுவில் மாரியம்மன் படம், படத்தைச் சுற்றி இரண்டு வரிசை சீரியல் பல்பு, கீழே பிளாஸ்டிக் தாமரைக்குள் ஒரு பல்பு. ஆயுத பூஜைக்கு நல்லசிவம் தன் கையாலேயே மாட்டியது. இந்த வண்டிக்கு அவன் கையால் செய்த வேலை என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். வண்டி திரும்பும்போதெல்லாம் அம்மன் மின்ன வேண்டும் என்று அவனுக்கு ஆசை, அதனால் சீரியலை இண்டிகேட்டர் லைனில் கொண்டுவந்து சொருகிவிட்டான். நாலு பல்புக்குச் செய்த டப்பா ஐம்பது பல்பை இழுத்தால் என்ன ஆகும்? வேண்டாங்க மச்சான், தாங்காது என்றேன். "சாமி வெளிச்சத்துல என்னங்க மாப்ள கணக்கு" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்வது, சாமிக்கு எதிராகப் பேசுகிறவன் ஆகிவிடுவேனே. அதோடு திம்பம் மலை இறங்கினேன், மூங்கில் லோடு, மூடுபனி, முதல் வளைவிலேயே அம்மனும் அணைந்தாள் இண்டிகேட்டரும் அணைந்தது, ஒவ்வொரு வளைவிலும் வலது கையைத் தோள் வரைக்கும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே இறங்கினேன். கை மரத்துப்போய்விட்டது. எதிரே வந்த பஸ்காரன் ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனான், யாருக்கோ டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்திருப்பான். கீழே வந்து போன் பண்ணி விஷயத்தைச் சொன்னபோது, பிளாஷர் டூப்ளிகேட்டாட்டம் இருக்குதுங்க மாப்ள, நல்லதா பாத்து வாங்கிப் போடுங்க என்றான். நல்லதாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். அதுவும் கருகிவிட்டது. இதோ என் கையில் இருக்கிறதே, இது அதுதான்.

செருப்புச் சத்தம். சரளைக்கல் மேல் இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். கேபின் கதவுக்கு வெளியே என் கால்கள் முழங்கால் வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கின்றன, இழுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது, இழுத்துக்கொள்ளவில்லை. "யாருங்க உள்ள?" என்று கலியமூர்த்தி கேட்கிறார். சும்மா கேட்கிறார், இரண்டு காலைப் பார்த்தால் யாரும் கேட்பார்கள். ஒரு நொடி. நான் அந்த ஒரு நொடியைத் தகரத்தில் பின்னந்தலையை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நம்ம டிரைவருங்க" என்கிறான் நல்லசிவம்.

ஒயர் ஒன்று உதட்டில் படுகிறது, துப்புகிறேன். பொய் சொல்லவில்லையே அவன். இந்த வண்டிக்கு டிரைவர் நான்தானே, வேறு யார் ஓட்டினார்கள்? தங்கச்சி வீட்டுக்காரர், அவர்தான் ஓட்டறாரு என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் கலியமூர்த்தி கேட்டிருப்பார், அப்படிங்களா, அப்ப அவருக்கும் வண்டியில பங்கு உண்டுங்களா என்று, வண்டி வாங்குகிறவன் கேட்கத்தானே செய்வான். அதற்குத்தான். அப்படியென்றால் மறக்கவில்லை. மறந்துபோனவன் மாப்ள என்றே சொல்லியிருப்பான். காலையிலிருந்து அந்தச் சொல்லைக் கழற்றி வைத்திருக்கிறவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, பாதி நினைவிருக்கிறது, கொடி நினைவிருக்கிறது, அந்தக் கொடியில் எத்தனை இழை என்றுகூட நினைவிருக்கும். எனக்கு ஏனோ கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது, என்ன கேவலம் பார், ஒருத்தன் என்னை ஏமாற்றுகிறான் என்று உறுதியானதில் ஒரு நிம்மதி. இப்போது எழுந்து வெளியே போகலாம். கேட்க வேண்டியதை அந்த ஆள் முன்னாலேயே கேட்கலாம், இதைவிட நல்ல நேரம் இல்லை. எழுந்திரு வையாபுரி என்று என்னையே பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், எனக்குப் பேர் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவு வருகிறது. கை என்னவோ சட்டைப் பைக்குப் போகிறது. புது டப்பா. செருகினால் முடிந்தது. ஒயரைப் பிரிக்காமல் அப்படியே செருகினால் இரண்டு மாதத்தில் இதுவும் கருகும், அரியலூர்க்காரர் கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டட்டும், வாங்கின அன்றைக்கே சகுனம் சரியில்லை என்று நல்லசிவத்தைத் திட்டட்டும், நான் டிரைவர், எனக்கென்ன? செருகாமலே விட்டுவிட்டால் இன்னும் சுலபம், இன்றைக்கு வியாபாரமே நடக்காது, ஆவாதுங்க, பார்ட்ஸ் கெடைக்கல என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம், நாளைக்குக் கேட்கலாம். நாளைக்கு. நாளைக்கு நான் கேட்பேனாக்கும். தவமணி நம்பாதது சரிதான், எனக்கே சிரிப்பு வருகிறது.

இடுக்கியை எடுத்து சீரியல் ஒயரை இண்டிகேட்டர் லைனிலிருந்து வெட்டுகிறேன். வெட்டின முனையைச் சீவி, தனி ஃப்யூஸ் ஒன்றில் கொண்டுபோய்க் கட்டி, டேப் சுற்றுகிறேன். கோபமாகத்தான் இருக்கிறேன், ஆனால் டேப் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, மடிப்பு விழாமல், முனை மேலே பார்க்காமல். யார் வண்டிக்கு? கேட்காதே. பிளாஷரைச் செருகுகிறேன், கிளிப்பில் அழுத்துகிறேன், மேலே கையை நீட்டி சுவிட்சைத் தள்ளுகிறேன். டிக், டிக், டிக், டிக். நிதானமாக, ஒரே தாளத்தில். "ஆ, மின்னுதுங்க" என்கிறான் நல்லசிவம், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எடுக்கலாமுங்க, நேரம் இருக்குது." அம்மன் இனிமேல் மின்ன மாட்டாள், நின்று எரிவாள்.

இறங்கி நிற்கிறேன். வெயிலுக்குக் கண் கூசுகிறது. நல்லசிவம் சூடம் காட்டி, வெற்றிலையில் சாவியை வைத்துக் கொடுக்க, கலியமூர்த்தி கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்கிறார், எலுமிச்சம்பழங்கள் டயருக்கு அடியில் போகின்றன. நான் தொண்டையைச் செருமுகிறேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நல்லசிவத்தின் முகத்தில் ஒன்று மாறுகிறது, அவன் தாம்பாளத்தை இறுகப் பிடிப்பதைப் பார்க்கிறேன், அவனுக்கும் பயம் இருந்திருக்கிறது, காலையிலிருந்து என் வாயைப் பார்த்து அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான், அடடா, இது தெரிந்திருந்தால். வாயைத் திறக்கிறேன். "பிளாஷர் புதுசுங்க" என்கிறேன், "சாமி லைட்ட தனியாப் பிரிச்சு உட்டுருக்கறேன். இனிமே கருவாது." "அப்படிங்களா, ரொம்ப நல்லதுங்கண்ணே" என்கிறார் கலியமூர்த்தி. நல்ல மனுஷன். சாவி வாங்கினால் பழைய டிரைவர் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், அது எல்லாப் பேட்டையிலும் உள்ளதுதான், அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை, சட்டைப் பைக்குள் கை விட்டு ஒரு நோட்டை எடுத்து மடித்து என் பக்கம் நீட்டுகிறார். "வச்சுக்குங்க. சந்தோசமா வாங்கிக்குங்க." வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் போதும், தவமணி சொன்ன அந்த ஒரே வார்த்தை. நல்லசிவம் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிரீஸை லுங்கியில் துடைத்துவிட்டு அது நீள்கிறது, நோட்டை வாங்குகிறது, போதாததற்கு நெற்றி வரைக்கும் போய்த் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறது.

வண்டி வலது பக்கம் மின்னிக்கொண்டே பேட்டையை விட்டு ரோட்டில் ஏறிப் போகிறது. தூசி அடங்குகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். பிறகு நல்லசிவம் தாம்பாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தோளில் கை போடுகிறான். "வாங்க மாப்ள, ஊட்டுக்குப் போலாம்" என்கிறான், அவன் மனைவி எனக்குத் தங்கச்சி முறை, "உங்க தங்கச்சி கறி ஆக்கி வெச்சுருக்கறா. நீங்க வந்து உக்காந்தாத்தான் மத்தவீங்களுக்கு எல போடோணும்னு சொல்லிருக்கறேன்." அங்கே போனேன். கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதல் இலையை எனக்குத்தான் போட்டார்கள்.